கூட்டுக்குள் குந்திப் பார்த்த ஹசீனா ராத்தா

மூன்றாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியில் அழைத்தார். "ஹசீனா ராத்தா மௌத்தாயிட்டா. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கமாம்" என்றார். பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

மருதமுனையில் அவரிடம் முட்டை வாங்கிய உங்களில் பலருக்கு அவருடைய சிரிப்பு தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த எனக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

கணவர் மௌத்தான பிறகு வீட்டின் பின்னால் வளர்த்த முப்பது கோழிகள்தான் அவருக்கு வருமானம். இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை விடாமல் பெய்த நாட்களில் அந்தக் கோழிக்கூட்டிலிருந்து வந்த நாற்றம் நாங்கள் சமைக்கும் குசினியை நிறைத்தது. என் மனைவிக்கு மூச்சு முட்டும் வருத்தம். நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, பெயர் போடாமல் சுகாதாரப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பரிசோதகர் வந்தார். இரண்டு கிழமைக்குள் நாற்றம் போகாவிட்டால் கூட்டை அகற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை ராத்தா எங்கள் வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சேர், உங்கட குசினிக்குள்ள கொஞ்ச நேரம் நிக்கட்டா?"

ஜன்னலருகே அசையாமல் நின்றார். "ஓம், நாறுதுதான். எழுதின ஆள் பொய் எழுதல்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கிருந்து நேரே கூட்டுக்குள் போய்க் குந்தினார். நான் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் கண்ணீர் வழிய வெளியே வந்தார்.

"நிண்டு பாத்தா ஒண்டும் தெரியல்ல சேர். கோழிட மட்டத்துக்குக் குந்தினாத்தான் கண் எரியிது. தூவானத்துக்குப் பயந்து நாலு பக்கமும் பொலித்தீனால மூடி, அதுகள மூச்சுமுட்ட வெச்சிட்டேன்."

அன்றே பொலித்தீனின் மேல்பகுதியைக் கழற்றினார். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு முழ உயரத்துக்குக் கம்பிவலை வந்தது. மேலே போகும் காற்று கோழிகளின் மேல் அடிக்காது. மழை உள்ளே விழாதபடி தகரத்தை நீட்டினார். ஊறிப்போன உமியை அள்ளித் தென்னைகளுக்குப் போட்டார். நிலம் காய்ந்த பிறகு, இறக்காமத்து ஆலையிலிருந்து கொண்டுவந்த காய்ந்த உமியை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். தண்ணீர்ப் பாத்திரம் கல்லின் மேல் ஏறியது. காலையில் உமியைக் கிளறி, ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்ப்பார். உருண்டையாக நின்றால் அந்த இடத்து உமி வெளியே போகும்.

"எச்சம் இவ்வளவு நாறுறல்ல சேர், ஈரந்தான் நாறுறது" என்பார்.

பரிசோதகர் திரும்பி வந்த அன்றும் நல்ல மழை. கூட்டுக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். "வளருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். எங்கள் குசினி ஜன்னலும் அன்றிலிருந்து திறந்தே கிடந்தது.

போன நோன்பில் கஞ்சி கொண்டுவந்த ராத்தாவிடம், அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"உங்கட எழுத்தத்தானே சேர் உங்களிட்ட படிச்ச என்ட மகள்ட கொப்பியில ஒவ்வொரு நாளும் பாத்தேன். பரிசோதகர் கடிதத்தக் காட்டின உடனே விளங்கிட்டு."

"அப்ப ஏன் ராத்தா ஒண்டும் கேக்கல்ல?"

"நாறினது உண்மைதானே. உங்களோட சண்டை பிடிச்சா அது போகுமா?"

ஜனாஸாவுக்கு அடுத்த கிழமை, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு என் பாடம் கேட்பதில்லை என்று ஒரு பெற்றோர் எழுதியிருந்தார். என் குரலில் குறையில்லை என்று பதில் எழுதத் தொடங்கினேன். பிறகு பேனையை மூடினேன். முறைப்பாடு எங்கிருந்து வருகிறதோ அங்கே முதலில் போய்க் குந்துவது என்ற ராத்தாவின் பழக்கம், அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. மாணவன் ஒருவனை முன்னால் நின்று வாசிக்கச் சொல்லிவிட்டு, மின்விசிறி இரையும் கடைசி வாங்கில் போய் அமர்ந்தேன்.

எனக்கும் கேட்கவில்லை.