வுஸெமில் பார்த்த ரோமர் நீர்ப்பாலமும் நான் சரிபார்க்காத மட்டமும்

கொலோனில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலைத்தளத்தில் நிலமட்டம் அளப்பவன் நான். 2006 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்குப் பயந்து, தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி அளந்து சரிபார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குழு தோண்டி வருகிறது. திங்கள் காலை ஏழு மணிக்கு இரண்டு குழாய்களும் சந்திக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். சோதனைக் காலம் முடியவில்லை. நித்திரையே வரவில்லை.

சனி காலை மேல்வீட்டு ரவி அண்ணை கதவைத் தட்டினார். "முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்காம வாரும், ரோமர் கட்டின வாய்க்கால் பாப்பம்."

ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். அவருடைய காரில் அறுபது கிலோமீட்டர்; பத்தரைக்கு வுஸெம் கிராமம். பார்க்கக் கட்டணமில்லை. போகவர பெற்றோல் பன்னிரண்டு யூரோ.

பள்ளத்தைக் கடக்க எழுப்பிய பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. சில பிற்காலத்தில் திருப்பிக் கட்டியவை. ஐஃபெல் மலை ஊற்றுகளிலிருந்து கொலோனுக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், பம்ப் இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் போயிருக்கிறது. அங்கிருந்த பலகையில் இதை வாசித்ததும் எனக்குக் கூடுதலாகப் பயம் பிடித்தது.

நாயோடு நடக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இன்னொன்றும் சொன்னார். வேலையைத் துண்டு துண்டாகப் பல குழுக்களிடம் கொடுத்தார்களாம். இதே வாய்க்காலில் இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் மட்டம் முப்பத்தைந்து சென்டிமீட்டர் பிழைத்துவிட்டதாம். அங்கே ஒரு தொட்டி கட்டித் தண்ணீரை விழவிட்டிருக்கிறார்கள்.

"பாத்தீரே, ரோமருக்கே பிழைச்சிருக்கு," என்றார் அண்ணை.

"அண்ணை, தண்ணி வாற பக்கம் உயரமா இருந்தபடியால் தப்பிச்சினம். தாழ்வா இருந்தா தண்ணி ஏறாது. எங்கட தளத்தில தண்ணி வாற பக்கம் என்ர பக்கம்."

"அப்ப உம்மட பக்கம் உயரமோ, தாழ்வோ?"

"தெரியாது."

அண்ணையின் சிரிப்பு நின்றது. "இப்பவே ஷெஃபுக்கு ஃபோன் எடும்."

"வேலை போயிடும் அண்ணை."

"குழாய் மூடின பிறகு தெரிஞ்சா?"

தூணடியில் சிக்னல் இல்லை. மேட்டில் ஏறி, ஷெஃபிடம், அதாவது எங்கள் தளப் பொறுப்பாளரிடம், உள்ளதைச் சொன்னேன். "நாளை எட்டு மணிக்கு வா," என்று வைத்துவிட்டார்.

கார் இல்லாதவர்கள் மெஷெர்னிஷ் வரை ரயிலில் போய், நாலைந்து கிலோமீட்டர் நடக்கலாம். சேற்றுக்கு ஏற்ற சப்பாத்து போடுங்கோ. கடை ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ. என்னைப் போல மட்டம் அளக்கிறவர்கள், திரும்பி அளந்து முடித்துவிட்டுப் போங்கோ.

ஞாயிறு பொறுப்பாளரும் நானுமாக அளந்தோம். என் பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் தாழ்வு. குழாய்க்கு அடியிலுள்ள மணல் படுக்கையை உயர்த்தித் திருத்தினோம், வேலை போகவில்லை. மேட்டில் ஏறாமல் விட்டிருந்தால் அந்தத் தெரு முழுக்க நாறியிருக்கும்.