ஏரோதுக்கும் இரணியனுக்கும் ஒரே அரிதாரப் பெட்டி

நாடகத்துக்கு மேக்கப் போடுகிறவன் பிழைப்பு கல்யாண வீட்டுச் சமையல்காரன் பிழைப்பு மாதிரிதான்: நன்றாக அமைந்தால் பேர் வீட்டுக்காரருக்கு, உப்புக் கூடினால் வசவு நமக்கு. எண்பதுகளில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே அரிதாரப் பெட்டியோடு பஸ் ஏறி இறங்கியவன் நான். மாறுவேடப் போட்டிக்காக ஒரே ஒரு பிள்ளைக்கு மீசை வரைந்தவர்களுக்குக்கூட என் கஷ்டம் புரியும்.

கொடுங்கோலன் மடி

மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம். ஏரோது ராஜாவாக, மில்லில் ஃபிட்டராக இருந்த சூசை அண்ணன். பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவாச்சே என்று புருவத்தைக் கறுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே சிவப்பை அப்பினேன். பார்த்ததுமே, சம்மனசு, அதாவது தேவதூதர், வேடம் போட்டிருந்த நாலு வயசுக் குட்டி அலறிவிட்டது. யார் தூக்கியும் அடங்கவில்லை. "ஏட்டி, நான் சூசை மாமாதாண்டி" என்று அவரே வாங்கி மடியில் போட்டுத் தட்டினார். குரலைக் கேட்டதும் அழுகை நின்று, இறக்கையோடு அப்படியே தூங்கிப்போனது. அதற்குள் திரை தூக்கியாச்சு. பங்குச் சாமியார் தலையில் கை வைத்தார்: "ஏரோது மடியில சம்மனசு தூங்குதே! நான் பிரசங்கத்துல என்னத்தச் சொல்ல?"

மீசை கழன்ற இரணியன்

ராஜபாளையத்தில் பிரகலாதன் நாடகம். இரணியனாக நடித்தவர் வீட்டில் தெலுங்கு பேசுகிற நூல் வியாபாரி. தமிழ் வசனத்தை நன்றாக உருப்போட்டிருந்தார். விளக்குச் சூட்டில் வியர்த்து, நான் ஒட்டிய மீசை ஒரு பக்கம் கழன்றது. அதைக் கையால் பிடித்த பதற்றத்தில் வசனம் மறந்துபோனது. ஆள் அசரவில்லை. 'எங்கேடா உன் ஹரி?' என்பதை "எக்கடரா நீ ஹரி?" என்று தெலுங்கிலேயே கர்ஜித்தார். பிரகலாதன் சோழபுரத்துப் பையன்; தெலுங்கு தெரியாது. "தூணிலும் இருப்பார் தந்தையே" என்று தமிழிலேயே நின்றான். கடைசிவரை இப்படியே போக, கூட்டம் விசிலடித்தது. பயந்து ஒதுங்கி நின்ற என்னிடம் டீக்கடைக்காரர் சொன்னார்: "அப்பன் ஒரு பாஷை, மகன் ஒரு பாஷை. பொறவு அந்த வீடு எப்பிடி வெளங்கும்?"

இடது கன்னம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஆண்டாளின் தோழிகளாகக் கும்மியடிக்கப் பெண்பிள்ளைகள். ஒருத்திக்கு இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு. "அதை மட்டும் சுத்தமா மறைச்சிருங்க" என்று டீச்சர் காதில் சொன்னார். என் வித்தையெல்லாம் காட்டி மறைத்தேன். கண்ணாடியைப் பார்த்துப் பிள்ளை சந்தோஷப்படும் என்று நின்றால், உதடு பிதுங்குகிறது.

"எல்லாருக்கும் ஒரே சேலை, ஒரே கொண்டை. இதையும் மறைச்சிட்டா எங்கம்மா என்னைய எப்பிடிண்ணே கண்டுபிடிக்கும்? கூமாப்பட்டியில இருந்து வந்திருக்கு."

டீச்சர் தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். துடைத்துவிட்டேன். பிள்ளை தலை நிமிர்ந்து ஆடியது. முடிந்ததும் தாயார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்: "மேடைக்கு வந்ததுமே எம்பிள்ளையக் கண்டுக்கிட்டேண்ணே. ஆனாலும் அந்தக் கன்னத்துக்கும் செத்த பவுடர் போட்டிருக்கலாம்ல?"

அம்புட்டுப் பேர் முகத்தில் சாயம் பூசியும் உள்ளே இருந்த ஆளை ஒருத்தரிடமும் என்னால் மறைக்க முடியவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.