சும்மா இருக்கிற பெட்டி

ஒரே ஒரு அணையில் ஒரே ஒரு படகு இருந்ததாம், அந்தப் படகின் இன்ஜினுக்கு மட்டும் இரண்டு மூளை இருந்ததாம். இரண்டாவது மூளையை மாட்டுவதுதான் என் பிழைப்பு.

முன்பெல்லாம் படகோட்டியின் கைப்பிடியிலிருந்து இன்ஜின் வரைக்கும் ஒரு கேபிள் ஓடும். இப்போது சிக்னல்தான் ஓடுகிறது. சிக்னல் நின்றுவிட்டால் இன்ஜின் யார் பேச்சையும் கேட்காது. அந்த நேரத்துக்கென்று தனி பாட்டரி, தனி வயர், சின்னதாக ஒரு கைப்பிடியுடன் ஒரு பெட்டி, அதுதான் இரண்டாவது மூளை. மைசூரில் கடல் ஏது என்று கேட்காதவர்கள் கிடையாது. கடல் இல்லை, கபினி அணை இருக்கிறது. யுபிஎஸ்ஸும் தீயணைக்கும் சிலிண்டரும் விற்கிற என் இனத்தவர்களே, இனி நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மேனேஜரின் கேள்வி

அணைக்கரையில் ஒரு சஃபாரி விடுதி. அங்கே படகு ஓட்டுகிறவர் எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரர், பழனிச்சாமி அண்ணன். விடுதி மேனேஜர் மைசூர்த் தமிழர். பாதிப் பேச்சு கன்னடத்தில் போய்வரும். வருஷ சர்வீஸுக்குப் போயிருந்தேன்.

“இது மாட்டினதிலிருந்து எத்தனை தடவை வேலை செஞ்சுது?” என்றார் மேனேஜர்.

“ஒரு தடவையும் தேவைப்படலை சார்” என்றேன், பெருமையாக. அது தப்பான பதில் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தசரா முடிந்ததும் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் எத்தனை நிற்கின்றன, காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்றெல்லாம் அண்ணன் எடுத்துச் சொன்னார். மேனேஜர் கொஞ்சம் இறங்கிவந்தார். அவரே ஒரு நாள் படகில் வருவாராம். பெட்டி என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவாம்.

“வேலை செய்யாத ஆளுக்கு நான் சம்பளம் போடறதில்லை. பெட்டிக்கு மட்டும் என்ன சலுகை?”

சீரியல் பல்பு

தசரா நடுவில் ஒரு மாலை, பெட்டியைச் சோதித்து வைக்கலாம் என்று போனேன். பெட்டி இருந்தது, அதன் பாட்டரியைக் காணோம். படகுத்துறை முழுக்க சீரியல் பல்பு. சிவப்பு, பச்சை, நடுவில் மின்னுகிற யானை ஒன்று. வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வாழைமரத்துக்குப் பின்னால் என் பாட்டரி உட்கார்ந்திருந்தது, ஏறக்குறைய காலி.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நிற்க, அவரே ஆரம்பித்தார்.

“எல்லா பாட்டரியும் உழைக்குது, இது ஒண்ணுதான் சும்னே படுத்துட்டிருந்தது. பாவம், நாலு ஜனம் பார்க்கட்டும்னு வேலை கொடுத்தேன்.”

ரெண்டு பொட்டு

பாட்டரியைத் திரும்ப மாட்டி சார்ஜ் ஏற்றியாயிற்று. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை மேனேஜர் வருவதாக ஏற்பாடு. நான் முன்னதாகவே போய்விட்டேன். ஸ்டியரிங்குக்கு மாலை, இன்ஜினுக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் முறைப்படிதான். பெட்டிக்கு வந்தால், சின்னக் கைப்பிடியைச் சுற்றி மஞ்சள் கயிறு. ஸ்விட்ச் இருக்கிற குழியில் சந்தனம் பூசி அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. ஸ்விட்ச் அசையவில்லை.

அண்ணன் வீட்டுச் சாவியையும் நான் டூத்பிரஷ்ஷையும் வைத்துச் சுரண்டினோம். கடைசித் துணுக்கு உதிர்வதற்கும் மேனேஜர் ஷூ போட்டுக்கொண்டு துறையில் இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

“அதில எதுக்குண்ணா இவ்வளவு சந்தனம்?” என்றேன் மெதுவாக.

“உழைக்கிற சாமானுக்கே பொட்டு வெக்கறோம் தம்பி. சும்மா இருக்கறதுக்கு ரெண்டு பொட்டு சேர்த்து வெக்கலீன்னா கோவிச்சுக்கும்.”

எதுவுமே நடக்கவில்லை

நடுத்தண்ணீரில் நான் மெயின் கண்ட்ரோலின் வயரைப் பிடுங்கினேன். அண்ணன் ஸ்விட்சைத் தட்டினார். சின்னக் கைப்பிடியில் படகு முன்னால் போனது, பின்னால் வந்தது, திரும்பியது. இதற்காகத்தான் நான் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“எதுவுமே நடக்கலையே” என்றார். “நாளைக்குக் கழட்டிடு.”

அண்ணன்தான் கேட்டார்: “அப்போ கழட்டின மாதிரி ஒருக்கா பாத்துக்கலாங்களா சார்?” மேனேஜர் தலையாட்டினார். அண்ணன் ஸ்விட்சை அணைத்தார்.

இன்ஜின் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கைப்பிடி மட்டும் எதற்கும் சம்பந்தமில்லாமல் முன்னும் பின்னும் போய்வந்தது. காற்று எங்களைப் பட்ட மரங்கள் பக்கம் தள்ளியது.

“சத்தம் வருதே, தள்ளுப்பா.”

“தள்ளிட்டுத்தானுங்க இருக்கறேன். சத்தம் போடுது, சொன்ன பேச்சுத்தான் கேக்க மாட்டீங்குது.”

மரத்தின் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் கண் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். அது பறக்கவில்லை. மேனேஜர் போனை மேல்பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அந்தப் பெட்டியைப் போடப்பா.”

“எந்தப் பெட்டிங்க? கழட்டறோமே, அதுங்களா?” என்றார் அண்ணன். ஆனால் அவர் விரல் ஏற்கெனவே ஸ்விட்சில் இருந்தது. மரம் படகின் விலாவை லேசாகக் கீறியதோடு சரி, பின்னால் வந்துவிட்டோம்.

துறையில் மேனேஜர் ஷூவைக் கையில் பிடித்தபடி இறங்கி, வெறுங்காலுடன் புல்லில் நடந்தார். பாதி தூரத்தில் நின்று திரும்பினார்.

“பெட்டி அங்கேயே இருக்கட்டும். கெஸ்ட் யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசறது பேடா, வேண்டாம். அடுத்த பூஜைக்கு அதுக்குக் கொஞ்சம் சந்தனம் அனுப்பி வைக்கிறேன்.”

அவர் போனார். பழனிச்சாமி அண்ணனும் எலுமிச்சம்பழத்தை நேராக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். என் தொழிலில் வேலை நன்றாக நடந்தால் எதுவும் நடக்காது என்பதால், அதை நிரூபிக்க யாராவது ஒருவர் ஷூவைக் கழற்றும்படி ஆகிவிடுகிறது.