மச்சில் ஒன்றும் இல்லை

கரமனையில் எங்கள் தெருவுக்கே பொதுவாக ஒரு சாம்பல் பூனை இருந்தது. யார் வீட்டில் பால் காய்ந்தாலும் அதற்கும் பங்கு உண்டு. அது எங்கள் பூஜை அறையில் நைவேத்தியப் பாலைக் கவிழ்த்த அன்று, இனி இந்த வீட்டில் அதுவா நானா என்று சித்தி கேட்டுவிட்டாள். சித்தப்பாவுக்கு எறும்பை மிதிக்கவும் மனம் வராது. அடிக்காமல் பிடித்து, மீன் சந்தை இருக்கிற விதுராவில் கொண்டுபோய் விடலாம் என்றார். அப்படியே பொன்முடி மலைக்கும் போய் வரலாம், நீயும் வா என்றார் என்னிடம். எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் பொன்முடி பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

கூண்டு, ஆற்றங்கரைப் பக்கம் இருந்த மலையாளி டீச்சருடையது. தெருப் பூனைகளைப் பிடித்து கருத்தடை ஆபரேஷன் செய்து திரும்ப விடுகிறவர். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"குட்டி உண்டோன்னு நல்லா நோக்கணும் சாரே. உண்டெங்கில் இப்போ பிடிக்கண்டா." குட்டி இருந்தால் இப்போது பிடிக்க வேண்டாமாம்.

சித்தப்பாவுக்கு முட்டுவலி. ஏணி வைத்து மச்சில் ஏறியது நான். கொலுப் பெட்டிக்குள் மூன்று கிடந்தன, இன்னும் கண் திறக்கவில்லை.

"என்னடி, குட்டி கிட்டி உண்டா?" என்று கீழேயிருந்து சித்தப்பா கேட்டார்.

"ஒண்ணும் இல்லை சித்தப்பா."

எங்கள் தெருவில் இருக்கும்வரை பூனையும் சைவம்தான் என்று அவர் மனதார நம்பினார். முதல் நாள் கூண்டுக்குள் தயிர்சாதம் வைத்தார், மறுநாள் நெய் தோசை. பூனை வெளியே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கேட்டுச் சிரித்தார். அது தினமும் அவர் வீட்டில் மத்தி தின்றுவிட்டுத்தான் எங்கள் பாலுக்கு வருமாம். அவரே கொடுத்த பொரித்த மத்தியை, சித்திக்குத் தெரியாமல் கிணற்றடியில் கூண்டுக்குள் வைத்தோம். பத்து நிமிஷத்தில் கூண்டு சாத்திக்கொண்டது.

காரில் பூனை வழி நெடுகக் கத்தியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தையில் திறந்துவிட்டதும் மீனிடம் போகாமல் காரையே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பொன்முடியில், மூடுபனியில் நின்று பழம்பொரி தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டில் பால் ஊற்றி, யாருக்கும் தெரியாமல் குட்டிகளிடம் வைத்தேன். கண் திறக்காத குட்டிக்கு நக்கிக் குடிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அது மடத்தனம். பொய் சொன்னது மடத்தனம் இல்லை. இரண்டு நாள் மச்சிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. நான் டிவியைச் சத்தமாக வைத்தேன். பிறகு மச்சில் சத்தம் நின்றுவிட்டது.

நாலாம் நாள் வாடை வரவே, சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார். இறங்கும்போது ஒரு கையில் சாக்கு, மறு கையில் பால் திரிந்த தட்டு. என்னைப் பார்த்தார். தட்டைத் தானே தேய்த்து அடுக்களையில் கவிழ்த்தார்.

சாயங்காலம் கூண்டைத் திருப்பிக் கொடுக்க என்னையும் கூட்டிப் போனார்.

"குட்டி இருந்திருக்கு டீச்சர். நான்தான் சரியாப் பாக்கலை."

டீச்சர் கூண்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அதன் பிறகு அவர் சித்தப்பாவிடம் பேசியதே இல்லை.

அன்று நான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில், முட்டுவலியோடு நடந்து வந்தவரை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்தத் தட்டை மச்சில் யார் வைத்திருப்பார்கள் என்று அவர் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.