காங்கோ படகில் துண்டு போட்டவர்

என் அக்கா நதியாவின் கணவர் யேசுதாஸ் மாமாவுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஒரே ஒரு வித்தைதான் உண்டு. நகர்கிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது. முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசான காரியம் இல்லை. கல்யாணப் பட்டு வாங்க வந்த கூட்டம் பையும் பிள்ளையுமாகத் தாம்பரம் பஸ்ஸை மொய்க்கும். மாமாவின் துண்டு மட்டும் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் போய்ச் சரியாக விழும். விழுந்த துண்டை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது ஊர் நியாயம். உலகம் முழுக்க இந்த நியாயம் செல்லும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

போர்வெல் போடும் வண்டியில் வேலை அவருக்கு. மூன்று வருடங்களுக்கு முன் காங்கோவில் ஆழ்துளைக் கிணறு போட ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. "இங்கியே நல்லாத்தானே இருக்கீங்க, இன்னாத்துக்கு மாமா?" என்றேன். கேட்டால்தானே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே போன பத்தாவது மாதம் மலேரியா வந்து படுத்தார். வேலை நடந்ததோ காட்டுக்குள். மழையில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. தலைநகரத்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமானால் ஆற்றில் ஆறு நாள் படகில் போக வேண்டும். துணைக்கு வர ஆள் இல்லை.

படகு என்றால் நாலைந்து லாரிகளைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் விட்டது போல இருக்குமாம். ஆடு, கோழி, கருவாட்டுக் கூடை, கரி அடுப்பு, இவற்றுக்கு நடுவில் நானூறு ஜனம். காலை நீட்டிப் படுக்க இடம் கிடைக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று மாமாவுக்கே தெரிந்திருக்கிறது. கரையில் நின்றபடியே துண்டை வீசினார். காய்ச்சலிலும் குறி தப்பவில்லை. நிழலான ஒரு மூலையில் போய் விழுந்தது.

நெரிசலில் நசுங்கி இவர் அங்கே போய்ச் சேருவதற்குள் துண்டின் மேல் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் இவரைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். குழந்தைக்காக யாரோ புண்ணியவான் விரித்தது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று மாமாவுக்குத் தோன்றியது.

"உருவிடலாம்னு முனையப் புடிச்சிட்டேன்டா," என்பார். "அது தூக்கத்துல சிரிச்சிக்கினு இருக்குது. எப்பிடிரா எழுப்புறது?"

இரண்டு நாள் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, தமிழில் யார் யாரையோ திட்ட ஆரம்பித்தார். என் பெயரும் அதில் இருந்திருக்கும். கேப்டன் பயந்துபோனான். படகில் ஆள் செத்தால் வம்பு, அடுத்த கரையில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். அது நாலு குடிசை உள்ள ஊர். ஆஸ்பத்திரி இல்லை, போன் டவர் இல்லை, அடுத்த படகு என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே இறக்கியிருந்தால் என் அக்காவின் கதி என்ன என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

படகு அங்கே நின்றதும் இரண்டு ஆட்கள் வந்து மாமாவின் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்தத் தாய் எழுந்து வந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். தானும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேப்டனைப் பார்த்துக் கத்தினாள். மாமாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் எங்கள் தெருக் குழாயடியில் வளர்ந்தவர், சண்டை யார் பக்கம் சாய்கிறது என்று தெரியாதா? கருவாட்டுக்காரி சேர்ந்துகொண்டாள், பிறகு கோழிக்காரர், பிறகு அந்தப் பக்கமே திரண்டது. கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். படகு கிளம்பியது. அக்கம்பக்கத்தவர் மூட்டைகளை நகர்த்தி அவரைப் படுக்க வைத்தார்கள். மிச்ச நாளெல்லாம் கஞ்சி ஊட்டியது அவள்தான். அவளை நான் பார்த்ததில்லை, ஆனாலும் என் உடன்பிறந்தவள் போலத்தான் நினைக்கிறேன்.

தலைநகரத்தில் இறங்கும்போது, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒரு வாத்தியார் அன்றைக்கு அவள் கத்தியது என்ன என்று மாமாவுக்குச் சொன்னார். 'என் பிள்ளைக்குப் படுக்கை கொடுத்தவர் இவர். இறக்குவதானால் எங்களையும் சேர்த்து இறக்கு.'

மாமாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், துண்டை எனக்காகத்தான் போட்டேன், அவங்களுக்காக இல்லை, இதை அவங்ககிட்ட சொல்லிடுங்க சார் என்று கெஞ்சினார். வாத்தியார் சொன்னார். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சிரித்தாளாம்.

"'அது எனக்கு அன்னிக்கே தெரியும்'னாங்களாம்டா," என்றார் மாமா. "'முனையப் புடிச்சாரே, பாத்துக்கினுதான் இருந்தேன். இழுக்கல இல்ல?'ன்னாங்களாம்."