தமிழுக்கு எண் இரண்டு

1. பெட்டி மாட்டிய நாள்

மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்நெட் டெலிபோன் கேட்வே மாட்டப் போனேன். வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த மேசையில் மணியடிக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைப்பதுதான் வேலை. ரூட்டிங் என்போம். பல வருஷமாகச் செய்துவந்தது.

மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்றார் மானேஜர். ஒன்றை அழுத்தினால் ரிசப்ஷன்; அங்கே எடுக்காவிட்டால் இருபது நொடியில் அவசரப் பிரிவான காஷுவாலிட்டிக்குப் போகும். இரண்டை அழுத்தினால் செலினின் மேசை. செலின் கடற்கரைப் பக்கத்துத் திருப்புறத்துக்காரி. கடற்கரை ஆட்கள் பதறிக்கொண்டு பேசினாலும் அவளுக்குப் புரியும். ஆம்புலன்ஸ் டிரைவரை அவளே கூப்பிட்டுவிடுவாள்.

"செலின் எடுக்கலேன்னா கால் எங்க போவணும் சாரே?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவண்டாம், அடிச்சிட்டு நிக்கட்டு. டாக்டர்மாருக்கு வேற ஜோலி உண்டு. தமிழும் இருக்குன்னு ஆளுவளுக்குத் தெரிஞ்சா போதுமாக்கும்."

ஒரு மேசையில் எடுக்காவிட்டால் அடுத்து எங்கே என்பதற்கு செட்டிங்கில் ஒரு கட்டம் உண்டு. அதில் காஷுவாலிட்டியின் மூன்று இலக்க எண்ணைத் தட்டியிருந்தால் முடிந்தது. மானேஜரிடம் மல்லுக்கட்ட மனமில்லாமல் காலியாக விட்டேன்.

2. செலினின் போன்

சில மாதம் கழித்து செலின் கூப்பிட்டாள்.

"அண்ணே, என்னெ ஃபார்மசிக்கு மாத்தியாச்சு. அந்த மேசையில இப்ப ஆளில்ல. போன் அடிச்சிட்டே கெடக்குது. ரிசப்ஷனுக்குத் திருப்பி விடுங்க."

மானேஜரைக் கூப்பிட்டேன். "ஒரு மெயில் போடு, பாக்கலாம்" என்றார். போட்டேன். பதில் வரவில்லை. ஆஸ்பத்திரி கேட்வேயின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. ஆரியங்கோட்டில் என் வீட்டில் இருந்தபடியே இரண்டு நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம். எழுத்தில் அனுமதி இல்லாமல் கஸ்டமரின் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ள விதி. அந்த விதியைக் காரணம் சொல்லி நிம்மதியாகத் தூங்கினேன்.

3. நான்கு அழைப்புகள்

ஒரு நாள் காலையில் அவசரமாக வரச் சொன்னார்கள். முந்தின நாள் மத்தியானம் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு அழைத்தும் யாரும் எடுக்கவில்லை என்று புகார். வந்த அழைப்புகளையெல்லாம் பதிந்துவைக்கும் கால் லாக்கைத் திறந்தேன். ஒரே எண், நான்கு தடவை. நான்கு தடவையும் இரண்டை அழுத்தியிருந்தார்.

"லைன் கம்ப்ளெய்ன்டுன்னு ஒரு பேப்பர் எழுதித் தா" என்றார் மானேஜர்.

"லைன் சரியாத்தான் இருந்து சாரே."

"அது எனக்கும் தெரியும். உனக்க மெயிலும் எனக்கிட்ட உண்டு. மேசையில ஆளில்லேன்னு நீயும் தெரிஞ்சுதானே இருந்த?"

எழுதினேன். சிக்னல் கோளாறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே பெஞ்சில் அந்தப் புகார்க்காரர் உட்கார்ந்திருந்தார். குளத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரர், சேவியர். கடலுக்குப் போய்த் திரும்பிய அவருடைய அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்திருக்கிறார். போன் எடுக்காததால் கடைசியில் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

என் டூல் பையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"போன் வேலைக்காரரா? ஒண்ணு கேக்கட்டா? எனக்கு மலையாளம் நல்லாத் தெரியும். பதட்டத்தில ரெண்ட அமுக்கிட்டேன். ஒண்ண அமுக்கியிருந்தா எடுத்திருப்பினுமா?"

"எடுத்திருப்பாங்க."

"அப்ப தப்பு எனக்கதாக்கும்."

அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"இல்லண்ணே. நீங்க சரியாத்தான் அமுக்கினிய. அந்த மேசையில ஆளில்ல. அது எனக்கும் தெரியும்."



"பின்ன அந்த ரெண்ட என்னத்துக்கு வச்சிய?"

வீட்டுக்குப் போனதும் கால் லாக்கைப் பிரின்ட் எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, சேவியர் வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். அவர் அதைச் சுகாதாரத் துறைக்குப் புகாராகக் கொண்டுபோனார். விசாரணைக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், சிக்னல் கோளாறு என்ற என் முதல் பேப்பரை எடுத்து வைத்தார்கள்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே? இதுல எதை நம்பணும்?" என்று அதிகாரி கேட்டார்.

இரண்டாவதை என்றேன். அவர் இரண்டையும் சேர்த்து ஃபைலில் வைத்து மூடினார். புகார் அதோடு நின்றது. அதன்பின் அந்த ஆஸ்பத்திரி என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. சேவியரும் என்னிடம் பேசுவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ரூட்டிங் கற்றுத்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. உண்மையை முதல் பேப்பரிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது பேப்பரை யாரும் நம்பமாட்டார்கள்.