சுகுணாவைக் கேட்காமல் நடத்திய கல்யாணம்

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்றரை மாதம் எதையும் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். மர்பி டவுனில் இருந்த எங்கள் வீட்டில், வாரப் பத்திரிகையின் தொடர்கதையை நான்தான் அவளுக்கு உரக்கப் படித்தேன்.

கதாநாயகி சுகுணா, சிறைக்குப் போன காதலனுக்காக எட்டு வருடம் காத்திருப்பவள். பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு அது அடிமைத்தனமாகப் பட்டது. கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, அவள் வேறொருவரை மணந்ததாக நானே முடித்துவிட்டேன். அன்று மனைவி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

கண் தேறியதும் அந்த இதழைத் தேடிப் படித்தாள்.

"அவளை ஒரு வார்த்தை கேக்காம நீங்களே கட்டி வெச்சிட்டீங்களா, வாத்தியாரே?"

"எட்டு வருஷத்த வீணாக்குறாளேன்னுதான்..."

"உங்களுக்குத்தான் அது வீண். அவளுக்கு அவனைப் புடிச்சிருக்கு, அவளாத்தான் காத்திருக்கா. எனக்குக் கண்ணு தெரியாத நேரம் பாத்து ஏமாத்திட்டீங்களே."

தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். கடைசி அத்தியாயத்தை மறுபடி, உள்ளபடியே படித்துக் காட்டினேன்.

அவளுக்குப் பார்வை நன்றாக இருந்தும் இன்றும் நான்தான் படிக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. ஏதாவதொரு கதாநாயகிமேல் கோபம் வந்தால் நிறுத்தி, "இவ ஏன் இப்படிப் பண்றா?" என்று கேட்பேன்.

"படிங்க. அவளே சொல்லுவா" என்பாள்.